மதிலில் வைத்த கதவு

சென்ற வாரம் கொழும்பில் ஒரு சிநேகிதியின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். ஆளுயரத்தையும் தாண்டிய மதில். இரும்புக் கேற். அழைப்பு மணியை அழுத்திவிட்டு வெயிலில் நின்றேன்... நின்றுகொண்டேயிருந்தேன். உள்ளே அவள் எனக்காகத் தேநீர் வைத்துக் காத்திருந்தாளாம். மணிதான் பழுது.

கோபம் வரவில்லை. முன்பு வடக்கே கொழும்புத்துறையில் நான் குடியிருந்த குறுகலான ஒழுங்கையும், அங்கே எழும்பிய முதல் மதிலும் நினைவுக்கு வந்தன.

எண்பதுகளின் நடுப்பகுதி. அடுத்த வீட்டு நடராசா அண்ணை சவூதியிலிருந்து விடுமுறையில் வந்ததும் தென்னோலைக் கிடுகு வேலியைப் பிரித்துவிட்டு மதில் கட்டத் தொடங்கினார். அவர் உழைத்த காசு, அவர் காணி. யாருக்கு அதில் குறை?

ஒருவருக்கு இருந்தது – வேலிக்கு அப்பால் குடியிருந்த மலருக்கு.

மலரின் கணவர் கடற்றொழிலாளி. போரால் கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடாகியிருந்தது. அவர்களுடைய கிணற்றில் உவர்த் தண்ணீர். வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஓர் இடைவெளி – நாங்கள் அதைப் ‘பொட்டு’ என்போம் – இருந்தது. குடிதண்ணீருக்கு மலர் அதனூடாகத்தான் குடத்துடன் நடராசா அண்ணை வீட்டுக் கிணற்றுக்கு வருவாள். பொட்டு அடைபட்டால்? முன்பக்கம் பூட்டிய கேற். பிறகென்ன, கைக்குழந்தையுடன் சந்திக் கிணறுவரை நடக்க வேண்டியதுதான்.

அவள் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. இல்லாதவர்களிடம் கடைசிவரை மிஞ்சுவது ரோசம் அல்லவா?

கல்வரிசை பொட்டை நெருங்கிய அன்று நானும் அங்கே நின்றேன்.

“தம்பி, உதிலை கொஞ்சம் நிப்பாட்டும். பொட்டு இருக்கட்டும்,” என்றார் நடராசா அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா.

மேசன் சிரித்தார். “மதிலுக்குப் பொட்டோ அக்கா? ஊர் என்னையெல்லோ பகிடி பண்ணும்.”

“விசர்க்கதை கதையாதை,” என்றார் நடராசா அண்ணை மனைவியிடம். “நீ தனிய இருக்கிறாய் எண்டுதானே இவ்வளவு காசையும் கொட்டுறன். எல்லாம் உன்ரை பாதுகாப்புக்குத்தான்.”

“போன மாரியிலை கிணத்தடியிலை வழுக்கி விழுந்து கால் முறிஞ்சு கிடந்தனான். கத்தினது கேட்டு உந்தப் பொட்டாலை ஓடி வந்தது ஆர்? மலர்தான். மதில் இருந்திருந்தால் இண்டைக்கு என்ரை படத்துக்குத்தான் மாலை போட்டிருப்பியள்.”

நடராசா அண்ணை திகைத்துப் போனார். “ஒரு சொல்லு எழுதேல்லையே நீ...”

“எழுதினால் வேலையை விட்டிட்டு வந்து நிப்பியள். பிறகு மதிலுக்கு எங்காலை காசு?”

மேசன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

நடராசா அண்ணை கெட்டவரல்லர். பாலைவனத்து வெயிலில் நின்றுகொண்டு மனைவியைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி மதில். கல்வரிசையின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார். பிறகு மேசனிடம் சொன்னார்:

“மேல் ரண்டு வரியையும் விடும். அந்தக் காசிலை உதிலை ஒரு கதவு வையும். மிச்சம் வந்தால் கிணத்தடிக்கும் சீமெந்து போடும் – வழுக்காமல்.”

பணத்தைக் குறைசொல்வது எங்களைப் போல எழுதுபவர்களுக்கு எளிது. ஆனால், அந்தக் கதவும் அதே சவூதிப் பணம்தானே? மதில் கொஞ்சம் குட்டையானது. அதனால் எந்தக் கள்ளனும் ஏறி வரவில்லை. மலர் குடத்துடன் முன்போலவே வந்துபோனாள். ஒருவரின் மிகுதி இன்னொருவரின் தேவைக்குப் போய்ச்சேர, சில வேளைகளில் இரண்டு வரிக் கல்லைக் குறைத்தாலே போதும் போலும்.

கதவைப் பொருத்தும்போது மேசன் ஒரு கேள்வி கேட்டார்.

“கதவைப் பூட்டுற கொண்டி எந்தப் பக்கம் அண்ணை? எங்கடை பக்கம்தானே?”

நடராசா அண்ணை மனைவியின் முறிந்து ஆறிய காலை ஒருமுறை பார்த்தார்.

“இல்லை... மலரின்ரை பக்கம்.”