அக்காவைக் கூப்பிட்ட பெரியாஸ்பத்திரி

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டே மருந்துதான். காய்ச்சலுக்குச் சிவப்புத் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் வெள்ளைத் தண்ணீர். மருந்தை ஊற்றுவதற்கு முன் டிஸ்பென்சர் ஐயா ஒரு கேள்வி கேட்பார். "பெரட்டுக்கு டிமிக்கி குடுக்க வந்தியா?" காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டுக்கு இரண்டு நாள் போகாவிட்டால் சோம்பேறி என்ற பெயர் வந்துவிடும். அதனால் எங்கள் பெண்கள் உயிர் போகிற வலியிலும் "இப்பப் பரவாயில்லீங்க" என்று சொல்லப் பழகியிருந்தார்கள். அக்காவும் அப்படித்தான்.

அக்கா இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்தில் கொழுந்து எடுத்தாள். நான் அதே தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர், ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திரும்பப் பெயர் கொடுத்துவிட்டு, போவதா இருப்பதா என்று பேசிப் பேசியே களைத்துப்போயிருந்தார்கள். அக்காவுக்கோ மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. மலையேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் உதடு நீலம் பாய்ந்து மலையிலேயே விழுந்த பிறகுதான் டிஸ்பென்சர் ஐயா பயந்துபோய், ரயிலில் போகவேண்டிய நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

எங்கள் ஆட்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் கோயிலுக்கு அடுத்தது. அங்கே போய்ச் செத்தவர்கள்தான் அதிகம். ஆனாலும் யாரும் அதைக் குறை சொன்னதில்லை, "நேரத்தோட கொண்டுபோயிருக்கணும்" என்று தங்களையேதான் திட்டிக்கொண்டார்கள். டவுனில் ஒரு சிங்கள வீட்டில் ஐந்து வருடம் வேலை பார்த்ததில் எனக்குச் சிங்களம் பேச வரும் என்பதால் நான்தான் கூடப் போனேன்.

அங்கே நடந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே வெள்ளைக் கோட்டுப் போட்ட இருபது பேர் அக்காவின் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் குழாயை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள். பெரிய டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டில்களுக்கு அந்தக் கவனிப்பில் கால்வாசிகூட இல்லை. அக்கா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. திரும்பி வந்து லயம் முழுக்கச் சொன்னேன். "இருவது டாக்டர் பார்க்கிறாங்க எங்கக்காவை!"

அவர்கள் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. மருந்துத் தண்ணீர் ஊற்றுகிற ஒரே ஆளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

மூன்று வாரம் கழித்து, இங்கிலீஷில் எழுதிய ஒரு அட்டையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்கவே கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். கொழும்பில் நெஞ்சைத் திறந்து இந்த நோயைச் சரிசெய்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருந்தாள். அதை மட்டும் நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

ஐந்து மாதம் கழித்துப் பெரியாஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். இந்த நம்பர் நோயாளி, இந்தத் தேதி காலையில், இந்த வார்டுக்கு வரவேண்டும். அவ்வளவுதான். தோட்டத்து ஆளுக்கு ஆஸ்பத்திரி தானாகக் கடிதம் போட்டதை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆபரேசனுக்குத்தான் என்று எல்லாரும் முடிவுகட்டினோம். அத்தான் கடிதத்துக்குக் குங்குமம் வைத்து மாரியம்மன் காலடியில் வைத்தார். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சந்தோசத்தில் சாப்பிடவே இல்லை.

அக்கா மட்டும் போகமாட்டேன் என்றாள். "என்னால ஏலாதுடி. இங்கயே கெடந்துட்டுப் போறேன், விடு."

"அவங்களே கூப்பிட்டிருக்காங்கக்கா. ஒனக்குப் புள்ளைங்க வேணுமா வேணாமா?" என்று கத்தினேன். அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. கம்பளியில் டோலி கட்டி நான்கு பேர் அவளை ரோட்டுவரை சுமந்தார்கள். பிறகு பஸ், பிறகு ரயில். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள்.

வார்டில் அவளைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, என்னை வெளியே நிறுத்தினார்கள். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். போகுமுன் குறிப்புப் புத்தகத்தை ஒருதரம் புரட்டிப் பார்த்துக்கொண்டார்கள். வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த சிங்கள அம்மாவிடம் ஆபரேசன் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"ஆபரேசனா? இன்றைக்கு இந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை, தங்கச்சி. உன் அக்காவின் நெஞ்சில் நோயின் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறதாம். அதனால்தான் பெரிய டாக்டர் எழுதிக் கூப்பிட்டார்."

மத்தியானம் பெரிய டாக்டர் வெளியே வந்ததும் குறுக்கே போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. ஆபரேசன் செய்கிற கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது, போனமுறை அட்டையிலேயே எழுதியிருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். நடக்கக்கூடாது என்று சொன்னவர்களே மலையிலிருந்து ஏன் இறக்கினீர்கள் என்றும் கேட்டேன். அது தப்புத்தான் என்றார். நல்ல மனிதர்தான். அவரைத் திட்டித் தீர்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அக்காவின் முகத்தில் ஒரு தெளிச்சி.

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு வாங்குதுன்னு நான் சொல்லலடி. தமிழ்ல கேட்டவங்களுக்கெல்லாம் பரவாயில்லீங்கன்னே சொன்னேன். நோஞ்சான்னு தெரிஞ்சா தள்ளிடுவாங்கல்ல? என்னா சொன்னாங்க, ஆபரேசனுக்கு எடுத்துக்குவாங்களா?"

நோயைச் சொன்னால் தண்டனை என்று பழகியவள், ஆஸ்பத்திரியிலும் நோயை மறைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எடுத்துக்குவாங்கக்கா. ஒடம்பைக் கொஞ்சம் தேத்திக்கிட்டு வரச் சொன்னாங்க" என்றேன்.

அத்தானிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அக்கா நன்றாகச் சாப்பிட்டாள். நாங்கள் வேலைக்குப் போனதும் எழுந்து லயத்துக் காம்பரா வாசலில் நடந்து பழகியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கிழவர் தடுத்ததற்கு, டாக்டர் உடம்பைத் தேற்றச் சொல்லியிருக்கிறார் என்றாளாம். பதினோராம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிவரை தனியாகப் போய்விட்டாள். பிள்ளைக்காம்பராவுக்கு ஆள் ஓடிவந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அக்கா பக்கத்தில் ஈரத்தில் மூச்சில்லாமல் கிடந்தாள்.

கூட நின்ற பெண்கள், அவள் பீலிவரை ஒரு இடத்திலும் உட்காராமல் நடந்து வந்தாள் என்றார்கள். குடத்தை வைத்ததும் அவர்களைப் பார்த்துச் சிரித்து, "தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, நான் தேறிட்டேன்னு" என்றாளாம்.