கண்டக்டரும் பசி ஊசியும்

பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அப்பா வீட்டையே பஸ்ஸாக்கிவிட்டார். அம்மா கதவோரம் ஒரு நிமிடம் நின்றால் போதும், "வழியில நிக்காதீங்க, உள்ளே போங்க" என்பார். கடைசியில் அம்மா என்னிடம் வந்தாள். "உன் ஆபீஸ்ல இந்த மனுஷனுக்கு ஏதாவது வேலை பாரு. இல்லேன்னா நான் இறங்கிக்கறேன்."

என் ஆபீஸ் என்பது கோழிக்குஞ்சுகளின் பசியை ஆராயும் கூடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். போய் என்ன படித்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் இன்றும் தடுமாறுவேன். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால், எங்கள் தலைமை ஆராய்ச்சியாளரான டாக்டரம்மா அப்பாவைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம்.

முதல் நாள் வீட்டில் சாப்பிடும்போது அப்பாவுக்கு விளக்கினேன். "பசி வயித்துல மட்டும் இல்லப்பா. மூளையிலயும் சில சுரப்பியிலயும் சின்னச் சின்னப் புரதத் துணுக்கு ஊறுது. ஒண்ணு சாப்பிடுங்கும், இன்னொண்ணு போதுங்கும்."

"அப்போ உங்கம்மா சமையல் இறங்கலேன்னா, அது என் மூளையோட கோளாறா?"

"கோளாறு வர்றதுக்கு மொதல்ல அது இருக்கணும்," என்றாள் அம்மா.

சோதனை இதுதான். வயிறு நிறையத் தின்ற குஞ்சுகளில் பாதிக்கு, சாப்பிடச் சொல்லும் துணுக்கை மெல்லிய ஊசியால் டாக்டரம்மா மூளைக்குள் ஏற்றுவார். மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். அப்பா ஒவ்வொரு குஞ்சையும் அதன் கூண்டில் விட்டு, தீனித் தட்டை அவ்வப்போது தராசில் எடை போட்டுப் பார்க்க வேண்டும். துணுக்கு ஏறியவை மறுபடி தின்னும், மற்றவை தூங்கும். தூங்க வேண்டும்.

எல்லாமே தின்றன. உப்புத் தண்ணீர்க் குஞ்சுகள் பஞ்சத்தில் அடிபட்டவைபோலத் தின்றன. மறுபடி செய்து பார்த்தோம். மறுபடியும் பஞ்சம்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "அப்பா கூண்டை மாத்தி விடறார்னு நினைக்கிறேன். நாளைக்கும் இப்படின்னா வேற ஆள்தான் பாக்கணும். நீயே சொல்லிடும்மா."

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். அப்பா நடையை நிறுத்திவிட்டார். "என் வண்டியில ஒருத்தரையாவது ஸ்டாப் மாத்தி இறக்கியிருக்கேனா? யாரையாவது சொல்லச் சொல்லு, பாப்பா."

"குஞ்சுங்க ஸ்டாப் பேரைச் சொல்லாதுங்களேப்பா."

அவர் சிரிக்கவில்லை. அப்பாவை நம்புவதா, தராசை நம்புவதா? என் படிப்பு இதைக் கற்றுத் தரவில்லை.

மறுநாள் ஸ்டூல் போட்டு மூலையில் உட்கார்ந்தேன். ஒரு கூண்டுகூட மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டையும் எடை போட்டு வைத்தவுடன், அப்பா மோதிரம் போட்ட விரலால் கூண்டின் தகரத்தில் டக் டக் என்று தட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். வண்டி கிளம்பலாம் என்று டிரைவருக்குச் சொல்ல, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டித் தட்டிப் பழகிய கை.

உப்புத் தண்ணீர்க் குஞ்சு ஒன்று கண் செருகிக் கிடந்தது. டக் டக். கண்ணைத் திறந்தது, தட்டுத் தடுமாறி எழுந்தது, கொத்தத் தொடங்கியது. தாய்க்கோழி தரையைக் கொத்தித் தீனிக்குக் கூப்பிடும் சத்தம் என்று நினைத்திருக்கும். அம்மா கூப்பிடும்போது வயிற்றில் இடமிருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

"ஏம்ப்பா தட்டறீங்க?"

"நான் எங்கே தட்டினேன்?" என்று கேட்டுக்கொண்டே தட்டினார்.

அன்று மதியம் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, நானே எடை பார்த்தேன். துணுக்கு ஏறியவை தின்றன. உப்புத் தண்ணீர்க் கோஷ்டி நிம்மதியாகத் தூங்கியது.

டாக்டரம்மா அப்பாவைக் கூப்பிட்டார். "உங்க மேல தப்பில்ல ஐயா. இனிமே தட்டாம வேலை பாப்பீங்களா?"

சரி என்றால் வேலை நிரந்தரம். டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன். அப்பா தன் கையைப் பார்த்தார்.

"சரின்னு சொல்லிடலாம் மேடம். கை கேக்காது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். சிரிப்பில் தோள்கள் குலுங்கின. பிறகு சொன்னார்: "பொரிப்பகத்துல புதுசா வர்ற குஞ்சுல சிலது தீனியைத் தொடாமலே சுருண்டு போயிடுது. அங்கே வேணா இஷ்டத்துக்குத் தட்டுங்க. நிரந்தரமாவே."

வீட்டில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள். "இது தண்டனையா, பரிசா?"

"தெரியலம்மா. ஆனா ஞாயித்துக்கிழமையும் போகணும். குஞ்சு கிழமை பாத்துப் பொரியாதுல்ல."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அந்த டாக்டரம்மாவை ஒரு நாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு," என்றாள்.