ஒரு தட்டுத் தட்டியிருந்தால்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, வருடம் சரியாக நினைவில்லை. மாசி மாதம். திருவொற்றியூரிலிருந்து காசிமேடு போகும் சாலையில் ஒரு சாயங்காலம் இது நடந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் கடல் பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்த லாரி, சாயங்காலம் திரும்பும்போது நாலு கடை தள்ளி நிற்கும். நாளாக நாளாக எங்களுக்கு அவை வண்டிகளாகவே தெரியவில்லை. தெருவில் எழுப்பிய சுவர் மாதிரி ஆகிவிட்டன.

என் மகள் அப்போது முதுகலை இரண்டாம் வருடம். நகர வணிகம், ரியல் எஸ்டேட், போக்குவரத்து எல்லாம் சேர்ந்த ஒரு படிப்பு. உறவினர்களுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். "வூடு வாங்கி விக்கிற புரோக்கருக்கு எதுக்கு அண்ணி ரெண்டு வருஷப் படிப்பு? எங்க தெருவுல ஒருத்தன் எட்டாவது ஃபெயிலு, இன்னிக்கு கார்ல போறான்" என்று என் கொழுந்தனார் கிண்டல் செய்வார். எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான்.

ஆனால் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. சாலையின் ஊர்ப் பக்கத்தில் ஒரு கடை காலியானால் மறுநாளே ஆள் வந்துவிடும். கடல் பக்கத்திலோ வரிசையாக ஷட்டர் மூடி, வாடகைக்கு என்று பலகை தொங்கும். அங்கேயும் டீக்கடை ஓடியது, வலைக்கயிறு விற்கும் கடை ஓடியது. மருந்துக் கடை, துணிக்கடை, ஜெராக்ஸ் கடை மட்டும் வந்த வேகத்தில் மூடிவிடும். "ஒரே ரோடுதானேம்மா, ஏன் இப்படி?" என்று கேட்டாள். இருபது வருடமாக அதே சாலையில் பஸ் ஏறி, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போய்வரும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட, அப்படி ஒரு கேள்வி இருப்பதே அன்றுவரை தெரியவில்லை.

அதற்காக அவள் சாலையோரம் நின்று கணக்கெடுக்க வேண்டியிருந்தது. எத்தனை லாரி, எவ்வளவு நேரம் நிற்கிறது, இப்படி. வயசுப் பெண் லாரிக்காரர்கள் நடுவே தனியாக நிற்பதா? மூன்று நாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன். குடை, தண்ணீர் பாட்டில், தயிர் சாதம் எல்லாம் எடுத்துக்கொண்டு. அவளுக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை, டிரைவர்கள் யாரிடமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, அவர்கள் பக்கம் திரும்பியே பார்க்கக் கூடாது. "அப்புறம் எப்படிம்மா சர்வே எடுக்கறது?" என்று சிரித்தாள். நம்பரை எழுது, போதும் என்றேன்.

மூன்றாம் நாள் ஐந்து மணி இருக்கும். ஒரு டிரைவர் கீழே இறங்கி, பம்பரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. போகலாம் வா என்று மகள் கையைப் பிடித்தேன். எங்கள் பஸ் எதிர்ப் பக்கம், ஊர்ப் பக்கத்தில் நிற்கும். லாரி வரிசைக்கு நடுவே புகுந்துதான் போக வேண்டும். எல்லோரும் அப்படித்தான் போவார்கள். சற்று தள்ளி இரண்டு லாரிகளுக்கு நடுவே நல்ல அகலமான இடைவெளி தெரிந்தது. அவளை இழுத்துக்கொண்டு அதற்குள் போனேன்.

நான் முன்னால், அவள் பின்னால். மறு ஓரத்துக்கு வந்ததும் எதிரே வேகமாக ஒரு பஸ் வர, நான் சட்டென்று நின்றுவிட்டேன். என் பின்னால் அவளும் நின்றாள், சரியாகப் பின் லாரியின் மூக்குக்கு நேராக. அந்த நேரத்தில் லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது.

யாரோ தகரத்தில் படார் படார் என்று அடித்தார்கள். "யோவ்! ஆளு கீதுய்யா! நிறுத்துய்யா!" ஒரு குலுக்கலோடு லாரி நின்றது. மகள் மண்டியிட்டுக் கிடந்தாள். அவள் கையிலிருந்த அட்டையும் தாள்களும் சக்கரத்துக்கு அடியில். சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம்.

அடித்தது ஒரு மீன்காரம்மா. என் வயதுதான் இருக்கும். வியாபாரம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர். காலி அலுமினியக் கூடையால் லாரிக் கதவில் அடித்திருக்கிறார், கூடை நசுங்கிப் போயிருந்தது. மகளைத் தூக்கி ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாமா, படிச்ச பொம்பள தானே நீ? தட்டாம பூந்துகினு போற? வண்டி இன்னா உன் வூட்டுச் செவுரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முதலில் குனிந்து மகளின் காலைத்தான் பார்த்தார். "ஒரு தட்டுத் தட்டியிருந்தா நின்னிருப்பனுங்களேம்மா... மேல இருந்து பாத்தா கீழ ஆளே தெரியாதுங்க" என்றார் அழாத குறையாக. படிக்கட்டில் உட்கார்ந்து என் பாட்டில் தண்ணீரை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார்.

முழங்கையில் ரத்தம் கசிய உட்கார்ந்திருந்த என் மகள், அந்த நிலையிலும் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, தட்டினா என்ன ஆகும்?" எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. மீன்காரம்மாவுக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

"இது இன்னா பொண்ணும்மா, பொயச்சி எந்திரிச்சதும் கேள்வி கேட்டுகினு!" என்றவர், பொறுமையாகச் சொன்னார். கதவிலோ பம்பரிலோ ரெண்டு தட்டு. உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தால் போகலாம். பதில் வரவில்லையென்றால் அவன் தூங்குகிறான், அடுத்த வண்டிக்குப் போக வேண்டும். "அகலமா வழி கீதுன்னா பூராதே. முன்வண்டி நவுந்துட்டான், இவனும் நவுரப் போறான்னு அர்த்தம்."

மீன்காரம்மாக்கள் லாரியைத் தட்டிக்கொண்டு போவதை எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பின்னாலேயே பத்திரமாகக் கடந்தும் இருக்கிறேன். அதை வெறும் அடாவடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர்களோடு என்ன இப்படி ஒரு கலாட்டா என்று முகம் சுளித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, தட்டத் தெரிஞ்சவங்க கடந்து போறாங்க, டீக்கடையும் கயித்துக் கடையும் ஓடுது. கூச்சப்படுறவங்க திரும்பிப் போயிடறாங்க. மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் வரவேண்டியவங்க எல்லாம் உன்னை மாதிரி ஆளுங்கதானே?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அதற்குப் பிறகு லாரிகளை எண்ணவில்லை. கடக்க வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை எண்ணினாள். அந்த டிரைவர்களிடமும் மீன்காரம்மாக்களிடமும் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வாயும் இல்லை. படிப்பு முடித்தாள், வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறாள்.

நடந்ததை அவள் அப்பாவிடம் சொல்ல எனக்கு வெகுநாள் ஆயிற்று. சொன்னபோதும் லாரி நகர்ந்ததைச் சொன்னேனே தவிர, கையைப் பிடித்து இழுத்துப் போனது யார் என்பதைச் சொல்லவில்லை. மகளும் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்கு ஆபத்து எங்கெங்கோ இருக்கிறது என்று வாழ்நாளெல்லாம் பயந்துகொண்டிருந்த எனக்கு, அன்று அது என் கைப்பிடியிலேயே இருந்தது என்பதை இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.