ஒற்றை ஸ்பேனருக்கு மறுபூஜை

ஆயுத பூஜையன்று விடியற்காலை ஐந்து மணிக்கு, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பட்டறையிலிருந்து எங்கள் ஜீப் புறப்பட்டது. கண்ணாடியில் சந்தனம், முகப்பில் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஒன்றரை மாதம் “இன்னைக்கு, நாளைக்கு” என்று இழுத்தடிக்கப்பட்ட வண்டி இப்படி ஜோடித்துக்கொண்டு வந்து நின்றதும் என் தம்பி பாண்டி எல்லாக் கோபத்தையும் மறந்து சிரித்தான். நான் மறக்கவில்லை. கோரிப்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள் நான். சொன்ன நாளில் வராத வீட்டுப்பாடத்தை அத்தனை சுலபமாக மன்னித்துப் பழக்கமில்லை.

எங்கே போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாண்டி வேலை பார்த்த நூல் மில் மூடிவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, செக்கானூரணிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையான மீன்பாசியை ஏலத்தில் எடுத்தான். என் சங்கிலி அடகுக்குப் போனது அதற்குத்தான். வைகை அணைப் பக்கம் ஒருவர் குட்டைகளில் வளர்க்கும் கெண்டைக் குஞ்சுகளை வாங்கி வந்து கண்மாயில் விட வேண்டும். மழை பெய்தால் எங்கள் ஊருக்குப் போகும் ஆறு கிலோமீட்டர் கரிசல் பாதையில் லாரி இறங்காது. அதனால்தான் பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட இந்த ஜீப்பையும் வாங்கினோம். அதன் எஞ்சினோ எண்ணெயைக் காபி மாதிரி குடித்தது. பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டி, முழுசாக வேலை பார்க்கக் கொடுத்தோம். கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது. குஞ்சுக்காரரும் வலை போட்டுக் குஞ்சுகளைத் தனியே பிரித்துவிட்டார். நாளைத் தள்ளிப் போட வழியில்லை.

வண்டியில் மூன்று பேர். பாண்டி ஓட்ட, நான் அவன் பக்கத்தில். பின்னால் மூன்று காலி அலுமினிய டிரம்களுக்கு நடுவே, மடியில் பொரி மூட்டையோடு மெக்கானிக் பரமசிவம் அண்ணன். எஞ்சின் வேலை பார்த்தவர் அவர்தான். ஆண்டிபட்டியில் மாமியார் வீடு. பூஜை விருந்துக்குப் பஸ் செலவில்லாமல் போகிறார்.

“புது போரு பாண்டி. இருபத்தஞ்சு மைலுக்கு மேல மிதிக்காத” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி முப்பத்தெட்டு கிலோமீட்டர். அங்கே டீக்கடையில் இட்லி சாப்பிட்டோம். கடைக்காரர் அடுப்புக்கும் கரண்டிக்கும் பொட்டு வைத்திருந்தார். அங்கிருந்து ஆண்டிபட்டி இன்னும் இருபது கிலோமீட்டர். நடுவில் கணவாய் ஏற்றம். ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போவதைப் பார்த்து நான் கேட்டேன்.

“என்னண்ணே, இம்புட்டு சூடு ஏறுது?”

“புதுசுல இறுக்கமாத்தான் இருக்கும் டீச்சர். ஓட ஓட இளகிரும்” என்றார். ஒரு கணம் ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து, பொரி மூட்டையைச் சரிசெய்துகொண்டார். அதை நான் கவனித்திருக்க வேண்டும். அவரை ஆண்டிபட்டிச் சந்தைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த குஞ்சுக் குட்டைக்குப் போனோம்.

அணைப் பக்கத்துப் பச்சையை எங்கள் பக்கத்துக்காரர்கள் பார்த்தால் பொறாமைதான் வரும். எங்கும் நெல், வாய்க்காலில் தெளிந்த தண்ணீர். குஞ்சுக்காரர் மூன்று டிரம்களிலும் தண்ணீரும் குஞ்சுமாக நிரப்பினார். விரல் நீளம் ஒவ்வொன்றும்.

“நேத்துலருந்து பட்டினி போட்டுருக்கேன், வயிறு காலி. வெயிலுக்கு முன்ன போயிருங்க. கையால கலக்கிக்கிட்டே இருக்கணும்மா. கை நின்னுச்சுன்னா மேல வந்து வாயைப் பொளந்துரும்” என்றார்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். இப்போது நான் பின்னால், டிரம்களுக்கு நடுவே முழங்கை வரை தண்ணீரில். ஒவ்வொரு டிரம்மாகக் கலக்கினேன். விரல் இடுக்கெல்லாம் குஞ்சுகள் குறுகுறுவென்று ஓடின. இதுகள் வளர்ந்து தம்பிக்குச் சோறு போடும் என்று நினைத்தபோது மனம் நிறைந்து போனது.

கணவாய் ஏற்றத்தில் பாதி ஏறியதும் ரேடியேட்டர் மூடி வழியாக வெந்நீர் பீய்ச்சி அடித்தது. எஞ்சின் நாலு தடவை விக்கி நின்றது. பாண்டி பானெட்டைத் தூக்கினான். ஒரே ஆவி. பழைய குருடி, கதவைத் திறடி!

“அக்கா, ஹெட்டு ஓரமா தண்ணி கசியுது. அந்த ஆளை...” என்று பல்லைக் கடித்தான். அவனை அனுப்பினால் மாமியார் வீட்டு விருந்து அடிதடியில் முடியும். “நீ கலக்கு. நான் போய்க் கூட்டியாரேன்” என்று, எதிரே வந்த பஸ்ஸை மறித்து ஏறினேன். ஆண்டிபட்டிக்கு நாற்பது பைசா.

இறங்கியதும் முதலில் பஸ் ஸ்டாண்ட் பட்டறைகளைத்தான் பார்த்தேன். யார் சரிசெய்தால் என்ன, வண்டி நகர்ந்தால் போதும். முதல் பட்டறையில் கதவு பாதி சாத்தி, உள்ளே ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வாழையிலையில் வரிசையாகப் பொட்டு வைத்துப் படுத்திருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடாமல் எவன் எடுப்பான்? அடுத்தது ஒரு பாய் பட்டறை. நம்பிக்கையோடு நுழைந்தேன். அங்கேயும் வாழையிலை!

“பாய், நீங்களுமா?”

“என்னம்மா பண்றது? வேலை பாக்குறவுக அம்புட்டுப் பேரும் உங்காளுக. இன்னைக்கு நான் ஒரு திருப்புளியைத் தொட்டாக்கூட நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான்” என்று பாய் எனக்கு ஒரு பிடி சுண்டல் கொடுத்து அனுப்பினார்.

அழுதாலும் பிள்ளை அவள்தானே பெற வேண்டும். பரமசிவம் அண்ணனையே தேடிப் போனேன். புது வேட்டியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வடைக்கு நீண்ட கை என்னைக் கண்டதும் அப்படியே நின்றது.

“ஹெட்டு கசியுதுண்ணே. கணவாய்ல நிக்கிது” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “ரெண்டாவது டைட்டு வைக்கல டீச்சர்” என்றார் மெதுவாக.

எஞ்சின் தலையைப் பொருத்தி நட்டுகளை முறுக்கியபின், ஒரு முறை சூடேற ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி இறுக்க வேண்டுமாம். முந்தின நாள் மாலை ஓட்டியிருக்கிறார். அது ஆறுவதற்குள் பட்டறை ஆட்கள் எல்லா ஸ்பேனரையும் கழுவிப் பூஜைக்கு வைத்துவிட்டார்கள்.

“நாளைக்கழிச்சுப் பாத்துக்கலாம், மெதுவாப் போனா தாங்கும்னு நெனச்சேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வண்டியில இருக்குற ஸ்பேனரை வச்சு நாங்களே இறுக்கியிருப்போமே?”

“அந்த ஸ்பேனரையும் எடுத்துக் கழுவிப் பூஜையிலதான் வச்சிருக்கோம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்களுக்குச் சொந்தமான ஸ்பேனரையாவது விட்டு வைத்தார்களா? “அங்கன உசுரோட மூணு டிரம்மு குஞ்சு இருக்குண்ணே. எந்தம்பி பொழப்பு இருக்கு. எந்திரிங்க!” என்று கத்தியதில் பந்தியே திரும்பிப் பார்த்தது.

“எந்திரிச்சு என்ன செய்ய? சாமிக்கு வச்ச ஆயுதத்தைத் தொடமுடியாதே டீச்சர். வெறுங்கையால நட்டு திரும்புமா?”

அதுவரை பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். “வேலையை அரைகுறையா விட்டுட்டு வந்துதான் அஞ்சு வடை தின்னீகளா?” என்றாள். விறுவிறுவென்று சாமி படத்துக்கு முன்னால் போனாள். அங்கே அவள் அப்பாவின் அரிவாள், மண்வெட்டிகளோடு பம்பு செட்டு ஸ்பேனர்களும் இருந்தன. “எதுன்னு காட்டுங்க.” அண்ணன் தூரத்திலிருந்தே கண்ணால் அளந்து, வளையம் போட்ட ஒன்றைக் காட்டினார். பேச்சியம்மா சூடத்தைக் கொளுத்தி, அந்த ஒற்றை ஸ்பேனருக்கு மட்டும் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டி, பொட்டோடு எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

“இதுக்கு மறுபூஜை முடிஞ்சிருச்சு. மத்ததெல்லாம் நாளைக்கு. கெளம்புங்க.”

அவளுடைய அப்பா வாயைத் திறந்தார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ரேடியேட்டருக்காக இரண்டு குடம் தண்ணீரும் அவளே நிறைத்துக் கொடுத்தாள்.

பஸ்ஸில் கண்டக்டர் குடங்களுக்கு லக்கேஜ் கேட்டார். “போடுங்க. ஆனா கணவாய்ல நிறுத்தணும்” என்றேன். காசை வாங்கிக்கொண்டு, “பூஜைக்குத் தீர்த்தமாக்கா?” என்று கிண்டல் செய்தார்.

பதினோரு மணி இருக்கும். பாண்டி வாழைக்கன்றுகளைப் பிய்த்து டிரம்களுக்கு நிழல் கட்டியிருந்தான். கைகள் விடாமல் சுழன்றுகொண்டிருந்தன. முன் டிரம்மில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பரமசிவம் அண்ணன் அதைப் பார்த்தார். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சின்மேல் குனிந்தார். ஒவ்வொரு நட்டும் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பியது. தண்ணீர் ஊற்றினோம். வண்டி கிளம்பியது.

முழுக் குணம் என்று சொல்ல முடியாது. வெள்ளைப் புகை வந்துகொண்டுதான் இருந்தது. வழியில் கிணறு கண்ட இடமெல்லாம் நின்றோம். அண்ணன் குடத்தோடு குதித்து ஓடுவார், ஊற்றுவார், ஏறுவார். உசிலம்பட்டியில் மாலை போட்ட லாரிகளுக்கு நடுவே, வெந்நீர் கக்கும் எங்கள் வண்டியைப் பார்த்துக் கடைவீதியே சிரித்தது. சிரிக்கட்டும். நான் வலது கை மரத்துப்போனால் இடது கை, அதுவும் போனால் மறுபடி வலது கை. பாண்டி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி சூட்டு முள்ளையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தான். செக்கானூரணி தாண்டிக் கரிசல் பாதையில் இறங்கியபோது நாலு சக்கரமும் சேற்றை வாரி இறைத்தன. “நிறுத்தாத, நிறுத்துனா அம்புட்டுத்தான்” என்று அண்ணன் அலறினார். வண்டி நிற்கவில்லை.

மூன்று மணிக்குக் கண்மாய்க் கரை. டிரம்களைத் தண்ணீருக்குள் இறக்கி, கண்மாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிய பிறகு வாயைச் சாய்த்தோம். இரண்டு டிரம் குஞ்சுகள் புழுதி கிளம்பினாற்போல ஒரே கூட்டமாக வெளியேறி மறைந்தன. மூன்றாவது, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த முன் டிரம். வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலெல்லாம் மிதந்தன. பாண்டி அதைப் பார்த்து அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். நாள் பூராவும் சேர்த்து வைத்த திட்டுகளுக்கு இதுதான் நேரம் என்று திரும்பினேன்.

பரமசிவம் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மிதந்தவற்றில் ஒன்றை எடுத்து, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். அது லேசாக வாலை ஆட்டியது. விட்டார். போய்விட்டது. அடுத்ததை எடுத்தார்.

கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சேலையைச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். பாண்டியும் வந்தான். இருட்டும் வரை ஒவ்வொன்றாக அசைத்தோம். அந்த டிரம்மில் கால்வாசி தேறியது. மீதியைப் பாண்டி கரையோரம் குழி வெட்டிப் புதைத்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, கடைசி பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பினோம். ஊர் முழுக்கப் பூஜை வெளிச்சம். என் இரண்டு கைகளும் மடியில் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன.

கோபத்தை நான் மறக்கவில்லை. அந்த வாரமே ஜீப்பைக் கயிறு கட்டி ஆரப்பாளையத்துக்கு இழுத்து வந்தோம். பட்டறையில் ஸ்டூல் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். “என் கண் முன்னாடி பிரிங்க. என் கண் முன்னாடி மாட்டுங்க. ரெண்டாவது டைட்டு வச்ச பெறகுதான் எந்திரிப்பேன்” என்றேன். பரமசிவம் அண்ணன் எஞ்சின் தலையைக் கழற்றித் தூக்கி, அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகட்டை உரித்து எடுத்தார். இரண்டு சிலிண்டருக்கு நடுவே அது கருகி, விரல் அகலத்துக்கு அறுந்தே போயிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இதை வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் எப்படி டீச்சர் வந்தோம்?”

“நின்னா குஞ்சு செத்துரும்னு வந்தோம்ணே” என்றேன்.