பத்துப் பேருக்கு மூன்று ரூம்: தீம் பார்க் ஹோட்டலில் இரண்டு நாள்

போன தை மாதம் எங்கள் வீட்டில் பத்துப் பேரும் கிளம்பிப் போய் ஒரு தீம் பார்க் ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாமே, எதற்கு ரூம் என்று எங்கள் உம்மா கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். சறுக்கும் அலையும் பிள்ளைகளுக்கு. எனக்கு வேண்டியிருந்தது ரூம்தான்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். கல்யாணம் ஆனதும் இங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் மச்சானும் (கணவரைத்தான் சொல்கிறேன், நான் கூப்பிடுவது அப்படித்தான்) அப்படி வந்தவர். வந்த நாற்பதாம் நாள் துபாய்க்கு விமானம் ஏறினார். பதினோரு வருஷமாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருகிறார். அந்த நாற்பத்தைந்து நாளும் கல்யாணம், பையன்களின் கத்னா சடங்கு, அவர் அக்கா தங்கை வீட்டு விருந்து, பாஸ்போர்ட் வேலை என்று ஓடிவிடும். வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். நாங்கள் பேச ஆரம்பித்தால் யாராவது சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

இந்த லீவில் எனக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இனிமேல் போகாதீங்க, இங்கேயே இருங்க. இவ்வளவுதான். போனில் கேட்கக் கூடாது, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷம் வைத்திருந்தேன். கேட்பதற்கு நான்கு சுவரும் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவும் வேண்டும். தீம் பார்க் யோசனை வந்தது அப்படித்தான். என்னைப் பிடித்த கிறுக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இனி ரூம் விவரம். பெரிய குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். ஹோட்டலின் பெயரைப் போடவில்லை, போட்டால் கமிஷன் வாங்கினேன் என்று எழுதுவீர்கள். செங்கிப்பட்டியிலிருந்து பூதலூர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. நான்கு விதமான ரூம் வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் படுக்கும் ஹால் ஒரு ராத்திரிக்கு 9,000. எல்லாரும் ஒன்றாக இருக்கலாம் என்று உம்மாவுக்கு அதன்மேல்தான் கண். அதை நான் எடுத்த எடுப்பிலேயே கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். இரண்டு பெட்ரூம் காட்டேஜ் 8,500, ஆனால் ஆறு பேருக்கு மேல் விட மாட்டார்கள். குடும்ப ரூம் 5,600. ஒரு பெரிய கட்டிலும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குக் கட்டிலும் இருக்கும், நான்கு பேர் படுக்கலாம், கூடுதல் மெத்தைக்கு 700. கடைசியாக, இரண்டு பேருக்கான சின்ன ரூம் 3,400. அதற்கு மட்டும் வயல் பக்கம் பார்த்த பால்கனி. காலைச் சாப்பாடு சேர்த்தி, பார்க் டிக்கெட் தனி.

நான் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடும்ப ரூமும், மாடியில் ஒரு சின்ன ரூமும் போட்டேன். என் கணக்கு இது: ஒன்றில் என் ராத்தா (அக்கா), அவளுடைய இரண்டு பெண்கள், என் மகள். இன்னொன்றில் வாப்பா, உம்மா, என் தம்பி, என் மகன். சின்ன ரூம் யாருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. மச்சானுக்கு மட்டும் ரூம் படங்களை அனுப்பினேன். அடுக்குக் கட்டிலைப் பார்த்தால் பிள்ளைகள் குதிப்பார்கள் என்று எழுதினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

சனிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு ஆறரைக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு சீட் வேன், பட்டுக்கோட்டை டிரைவர் செல்வம் அண்ணன். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, தஞ்சாவூர், வல்லம் வழியாக எண்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். ஒரத்தநாடு தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. அறுப்புக் காலத்தில் போகிறவர்கள் முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒதுங்கிப் போங்களேண்ணே, நேரமாவுது" என்றேன்.

"நெல்லு மேல சக்கரத்த ஏத்தச் சொல்றியாம்மா? காயட்டும். பார்க்கு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார் அவர். வண்டி ஊர்ந்தது. மச்சான் ஜன்னலை இறக்கிவிட்டு, அந்தப் பச்சை வைக்கோல் வாசனையைக் கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போக ஐந்து நாள்தான் இருந்தது.

ரிசப்ஷனில் ஒரு சின்னப் பெண் மூன்று கார்டை நீட்டி, "இந்தச் சின்ன ரூம் யாருக்கு சார்?" என்று மச்சானைப் பார்த்துக் கேட்டாள். அவருக்குப் பின்னால் வாப்பா நின்றார். மாமனாருக்கு முன்னால் நின்று, எனக்கும் என் பொண்டாட்டிக்கும் என்று எங்கள் ஊர் மாப்பிள்ளை எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் அதைப் பத்து வருஷம் பேசுவார்கள். மச்சான் கார்டை வாங்கி, இரண்டு கையாலும் வாப்பாவிடம் கொடுத்தார்.

"மாமாவுக்குத்தான். நீங்களும் மாமியும் காத்தோட்டமா இருங்க மாமா."

உம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "சீச்சீ, இந்த வயசுல எனக்கெதுக்குத் தனி ரூமு? நான் பொம்பளப் புள்ளைங்களோட இருந்துக்குவேன். அவுங்க குறட்ட விட்டுக்கிட்டு மேலேயே கெடக்கட்டும்." அவ்வளவுதான், கண்மூடித் திறப்பதற்குள் பங்கு பிரிந்துவிட்டது. ஒரு குடும்ப ரூமில் பெண்கள் ஆறு பேர். அடுத்ததில் மச்சான், தம்பி, என் மகன். என் பால்கனி ரூமில் வாப்பா ஒண்டியாக. நான் இரண்டு மாதம் போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேர்ந்தெடுத்த ரூம்! அன்று மத்தியானம் வரை நான் மச்சானோடு பேசவில்லை.

பார்க்கைப் பற்றி: வாரக் கடைசியில் கூட்டம் அதிகம், பதினோரு மணிக்குள் பெரிய சறுக்குகளை முடித்துவிடுங்கள். புர்காவோடு தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள். முழுக்கை வைத்த நைலான் உடை வாடகைக்குக் கிடைக்கிறது, 150 ரூபாய், ஆனால் வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது. தொழ இடம் கேட்டால் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ரூமைத் திறந்துவிடுகிறார்கள். ராத்தா முட்டளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளைவிட அதிகமாகக் கத்தினாள். அவளுடைய மச்சான் குவைத்தில் இருக்கிறார், மூன்று வருஷமாக லீவு இல்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவருக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினாள். பதில் வருகிறதா என்று அப்புறம் நான்கைந்து தடவை போனை எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு குடும்ப ரூமுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை அது வழியாக மச்சானுக்கு டீ கொண்டுபோனேன். பெரிய கட்டிலில் தம்பியும் என் மகனும் மூலைக்கு ஒருவராகப் பரப்பிக்கொண்டு தூங்கினார்கள். மச்சானைக் காணோம். அப்புறம்தான் பார்த்தேன், பிள்ளைகளுக்கென்று நான் ஆசைப்பட்ட அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் இருந்தார். போர்வையைக் கம்பியில் சொருகித் திரை கட்டியிருந்தார். தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் பையில் பிரஷ், சோப்பு, எண்ணெய். சார்ஜர் வயரைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். இரண்டே ராத்திரிக்கு இத்தனை ஏற்பாடு.

"கீழ் கட்டில் சும்மாதானே கெடக்கு, ஏன் மேல ஏறுனீங்க?" என்றேன்.

"பழக்கம்" என்றார்.

"அங்கேயும் இப்படித்தானா?"

"ரூமுக்கு எட்டுப் பேரு. மேல இருந்தா யாரும் நம்ம கட்டில்ல வந்து ஒக்கார மாட்டாங்க. அது ஒரு சௌகரியம், ஜெசிமா."

பதினோரு வருஷம் தினமும் வீடியோவில் பேசியிருக்கிறேன். அவருடைய முகமும் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும்தான் தெரியும். நல்ல ரூம்தான் என்பார், நானும் விட்டுவிடுவேன். அந்தக் கட்டிலின் படத்தைத்தான் பிள்ளைகள் குதிப்பார்கள் என்று அவருக்கு அனுப்பியிருக்கிறேன். டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று பாத்ரூமில் போய் அழுதேன்.

கண் சிவந்திருந்ததை ராத்தா பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வாப்பாவிடம் போய், "வாப்பா, கார்டத் தாங்க, ஈரத் துணியெல்லாம் ஒங்க பால்கனியிலதான் காயும்" என்று வாங்கிக்கொண்டாள். நேராக என்னிடம் வந்து அதைக் கையில் வைத்து அழுத்தினாள்.

"மேல போ. நான் எல்லாரையும் அலைத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போறேன். அசர் தொழுகைக்கு முன்னால எவளும் ஒன்னத் தேட மாட்டா."

"ராத்தா..."

"போடீ. ஒம் மச்சான் முன்னாலேயே போயிட்டாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு இப்படி ஒரு கார்டை யார் கொடுப்பார்கள்? அதை நினைத்ததும் மாடிப்படியில் என் கால் தயங்கியது. ஆனாலும் ஏறினேன்.

அந்த ரூம் 3,400 ரூபாய்க்குத் தகும். பால்கனிக்கு நேர் கீழே வயல், அதற்கப்பால் வாய்க்கால், அறுப்பு மிஷின் ஒன்று மூலைக்கு மூலை திரும்பிக்கொண்டிருந்தது. மச்சான் அந்தப் பெரிய மெத்தையின் ஓரத்தில், இரண்டடி அகலத்துக்குள் ஒடுங்கிப் படுத்திருந்தார். தள்ளிப் படுங்க, இவ்வளவு இடம் இருக்கே என்றேன். சிரித்துக்கொண்டே தள்ளிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும்."

"தெரியும்" என்றார். "கேட்டுடாதே. நீ கேட்டா நான் இருந்துடுவேன்."

"இருந்தா என்னவாம்?"

"நம்ம புள்ளைக்கு வீடு வேணாமா? அஸ்திவாரத்தோட நிக்குது."

எங்கள் ஊரில் பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டும். அதில்தான் அவள் இருப்பாள், அதற்குத்தான் மாப்பிள்ளை வருவார். என் மகளுக்கு வயசு ஐந்து.

"அந்த வீட்டுக்கு வர்றவனும் நாப்பதாம் நாள் ஏரோப்ளேன் ஏறிடுவான், பாத்துக்கிட்டே இருங்க" என்றேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் இருந்துவிடுவேன் என்று சொன்ன மனிதரிடம் எப்படிக் கேட்பது? அவர் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறெதுவும் வேண்டாம் போலிருந்தது, எல்லாமும் வேண்டும் போலவும் இருந்தது.

திங்கள் காலை பத்துக்கு ரூமைக் காலி செய்தோம். வியாழக்கிழமை திருச்சி ஏர்போர்ட்டில் அவரை அனுப்பிவிட்டு வந்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் ஹால் மலிவு, ஆனால் ஒரே ஒரு பாத்ரூம்தான். குடும்ப ரூம்களை நடுக்கதவோடு கேட்டு வாங்குங்கள். அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் உண்டு, பிள்ளைகள் ஒருபக்கம் போட்டுவிட்டால் ரிசப்ஷனுக்கு ஓட வேண்டும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம். திருவையாற்றில் ஆராதனை நடக்கிற வாரம் தஞ்சாவூரைச் சுற்றி எங்கும் ரூம் கிடைக்காது, முன்கூட்டியே போட்டுவிடுங்கள். யாருக்கு எந்த ரூம் என்பதை வேனில் ஏறுமுன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டால் கார்டு கை மாறிவிடும்.

அவர் போன மறு வாரம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் ஹாலில் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது மச்சான் கூப்பிட்டார். போன் என் கையில் இருந்தது. உம்மா, ராத்தா, தம்பி, பிள்ளைகள், நாற்காலியில் வாப்பா. வாப்பா இருபத்தாறு வருஷம் சவூதியில் இருந்தவர். நான் முதன்முதலாக நடந்த கதையையும் பேசிய மழலையையும் உம்மா அனுப்பிய கேசட்டில் கேட்டவர். சாப்பிட்டீங்களா என்று மச்சானிடம் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"போதும் மச்சான், வந்துடுங்க. வீட்ட மெதுவாக் கட்டிக்கலாம்" என்று வந்துவிட்டது. அத்தனை பேருக்கும் முன்னால். ராத்தா டிவி சத்தத்தைக் குறைத்தாள். உம்மா என்னைப் பார்க்காமல் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். நான் போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"மாமாகிட்ட குடு" என்றார் மச்சான்.

கொடுத்தேன். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று வாப்பா காத்திருக்கவில்லை. சலாம்கூடச் சொல்லவில்லை.

"வந்துடுங்க மாப்புள" என்றார் வாப்பா.