விரிஞ்சிபுரத்து மணலில் இறங்கிய விமானம்

கண்ணாடியைக் கழற்றினால் கேப்டனுக்குக் கண்ணைச் சுற்றி மட்டும்தான் தோல் வெளுப்பாக இருக்கும். மற்ற முகமெல்லாம் எண்ணெயும் கரியும். காலையில் பெங்களூரிலிருந்து மெட்ராசுக்குத் தபால் மூட்டைகளோடு பறப்பார், பிற்பகல் திரும்புவார். வாரத்தில் ஆறு நாள். மேலே கூரையில்லாத அந்தச் சின்ன விமானத்தின் முன் இருக்கையில் மெக்கானிக்கான நான், பின்னால் அவர். பேசுவதற்கு இடையில் ஒரு ரப்பர் குழாய்.

அவர் ஆம்பூர் தோல் வியாபாரியின் மகன். தொழிலை விட்டுவிட்டு விமானம் ஓட்டப் போனதால் வீட்டில் மனத்தாங்கல். ஆனாலும் ஆம்பூர் வந்தால் இறக்கையை ஒரு தரம் சாய்ப்பார். தோல் காயவைப்பவர்கள் நிமிர்ந்து கையாட்டுவார்கள். "இதுக்காகத்தான் தோஸ்த், மத்த பேஜாரெல்லாம்" என்பார். அந்தப் பேஜார் கொஞ்சமில்லை. எஞ்சின் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. முதுகு வலியில் கூன் போட்டு நடந்தார். இன்னொரு பைலட் நோயில் படுத்ததிலிருந்து அவருடைய முறையையும் இவரே பறந்தார்.

அந்த வைகாசிக் காலையில் ஏறும்போதே சொன்னார்: "ராத்திரி தூக்கமே இல்ல. ஏதாச்சும் பேசிக்கினே வா." பேசினேன். வாணியம்பாடி வரை என் மகளின் கல்யாணப் பேச்சு. அதற்குப் பிறகு எனக்கே கண் சொக்கிவிட்டது.

விழித்தபோது எஞ்சின் ஓடவில்லை. காற்றின் சத்தம் மட்டும். கீழே பாலாற்று மணல் மிக அருகில் இருந்தது. ஒரு டாங்கில் பெட்ரோல் தீர்ந்தால் அடுத்ததன் குழாயைத் திருப்ப வேண்டும், யாரும் திருப்பவில்லை. திருப்பிவிட்டு எஞ்சினை மறுபடி ஓடவைக்க உயரம் போதாது. ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, விரிஞ்சிபுரம் பக்கம் கேப்டன் மணலில் இறக்கினார். சக்கரம் புதைந்து விமானம் மூக்குக் குத்தி நின்றது. என் மணிக்கட்டு முறிந்தது. ஓடிவந்த ஒரு அம்மா குடத்தைச் சாய்த்து அவர் முகத்தைக் கழுவிவிட்டாள். "உயிரு இருக்குதுல்ல சாமி, போதும்" என்றாள்.

விசாரணையில் எல்லாரும் எஞ்சின் பழுது என்றே நினைத்தார்கள். அப்படியே எழுதியிருந்தால் பழி மெக்கானிக்கான என்மேல் விழுந்திருக்கும். அவர் வேலை தப்பியிருக்கும். அவர் எழுந்து, "எஞ்சின்ல குத்தம் இல்ல. நான் தூங்கிட்டேன்" என்றார். மெக்கானிக் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அதிகாரி கேட்டார். "அவர் வேலையை அவர் சரியாத்தான் பண்ணினார்" என்றார் கேப்டன். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள்.

அவருடைய உரிமத்தைப் பறித்தார்கள். நான் வேறு பைலட்களோடு தொடர்ந்து பறந்தேன்.

நான்கு வருஷம் கழித்து ஆம்பூரில் கேப்டன் வீட்டுத் தோல் ஷெட்டுக்குப் போனேன். ஈரத்தோலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "அன்னிக்கி நானும் தூங்கிட்டேன் சார்."

"தெரியும். எஞ்சின் நின்னதும் பேசுற குழாய்ல உன் குறட்டை கேட்டுச்சு. அதுலதான் நான் முழிச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, சார்."

"சொன்னா இன்னா ஆகும்? ரெண்டு பேருக்கு வேலை போயிருக்கும்." பிறகு களைத்த குரலில் கேட்டார்: "பொண்ணு கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு சார்."

தலையசைத்தார். மேலே ஒரு விமானம் போகும் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது; அவர் காதுக்கு எட்டவில்லை.