மூன்றாம் மாடிப் புழுக்கள்

என் மாமனார் புழு வளர்க்கிறார் என்றால் எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், எனக்கென்ன. நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு ஏரிக்குப் போக முடியவில்லை. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. தானே மீன் பிடிக்க முடியாதவர், தூண்டிலில் கோக்கும் மாவுப்புழுவை வளர்க்க ஆரம்பித்தார்.

அவர் அறையில் ஆறு பிளாஸ்டிக் தட்டுகள். தின்னக் கோதுமைத் தவிடு, ஈரத்துக்குக் கேரட் துண்டு. பூச்சிமருந்து ஒட்டிய கேரட் உள்ளே போனால் தட்டே செத்துப்போகுமாம். அதனால் மூன்று தண்ணீரில் கழுவுவார். நான்கூட அவ்வளவு கழுவித் தின்றதில்லை. அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுக்களைத் தினமும் பொறுக்கித் தனியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே வண்டாகிவிட்டவை கடித்துக் குதறிவிடும். வராத கையையும் வைத்துக்கொண்டு எல்லாம் செய்வார்.

சனிக்கிழமை காலையில் அவருடைய மீன்பிடிக் கூட்டாளிகள் ஐந்து பேர் புழு டப்பா வாங்க ஏறி வருவார்கள். டப்பா கைமாற ஐந்து நிமிடம், பேச்சு இரண்டு மணி நேரம். எந்த மீன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது, எவன் புளுகுகிறான், இதுதான். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மனிதர் மற்ற ஆறு நாளும் தவிட்டைச் சலித்தார். இது எனக்குத் தெரியும். காய் விற்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். பெற்ற பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் உதவி செய்யக் கிளம்பினாலே ஏதாவது கெட்டுப்போகும். "பாவம், வயசானவங்க எதுக்கு மூணு மாடி ஏறணும்?" என்று டப்பாக்களைக் கீழே கேட்டருகே ஒரு பெட்டியில் வைத்தார். 'இங்கேயே எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதியும் ஒட்டினார்.

அந்த வாரம் யாரும் மேலே வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. டப்பாக்கள் மட்டும் காலியாயின. நான் கத்தினேன். "நல்லதுதானே பண்ணேன்?" என்கிறார்! மாமனார் தவிட்டைச் சலித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த ஐந்து பேர் மேலும் பற்றிக்கொண்டு வந்தது. மனிதரைப் பார்க்க வந்தவர்களா, புழுவைப் பார்க்க வந்தவர்களா?

நான்காவது சனிக்கிழமை விடிந்ததும் மாமனார் என்னைக் கூப்பிட்டார். "இனி டப்பா கீழ போகக் கூடாதும்மா. கேட்டா புழு இல்லன்னு சொல்லிடு. எவனும் ஏறி வரமாட்டான், பாத்துக்க."

அன்று காலை பத்து மணிக்குக் கதவை யாரோ இடித்தார்கள். ஐவரில் ஒருவரான தையல்காரர். மூச்சு இரைக்க நின்றவர், செருப்பைக் கழற்றாமலே உள்ளே பாய்ந்தார்.

"ஏன்டா, நாங்க வர்றது தொல்லைன்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? கேட்டுல பெட்டிய வச்சு, எடுத்துக்கிட்டு அப்படியே போன்னு எழுதி ஒட்டுவியா? இன்னைக்கு அதுவும் இல்ல. நாங்க என்னடா பண்ணினோம் உனக்கு?"

"நானா எழுதினேன்?" என்றார் மாமனார். "நீங்கதான் என்னைக் கைகழுவிட்டீங்கன்னு நாலு வாரமா செத்துக்கிட்டிருக்கேன்."

இரண்டு கிழவர்களும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தையல்காரர் நேரே பால்கனிக்குப் போனார். கீழே கேட்டுக்கு வெளியே மற்ற நான்கு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"டேய், ஏறி வாங்கடா!" என்று கத்தினார். "அவன் நம்மள விரட்டலடா!"